சிவப்பு வராத காலை

அத்தியாயம் 6

தறிச் சத்தத்தில் போன் மணி கேட்காது என்பதால் சுந்தரம்மா அதை எப்போதும் இடுப்பில் செருகியே வைத்திருப்பாள். அன்று காலையும் அது அதிர்ந்தது. தறியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒரு பச்சை வட்டம்.

"வந்துட்ச்சிம்மா," என்று சிவசங்கரியிடம் நீட்டினாள். "தெனம் இந்த நேரத்துக்கு வரும். பச்சைன்னா எம்பொண்ணு வேலையில கீறா, நல்லா கீறான்னு அர்த்தம். அவளேதான் சொல்லிக் குட்த்தா."

நகரியில் அந்தத் தெரு முழுக்க பவர்லூம். இந்தத் தறி நின்றாலும் அண்டை வீட்டுத் தறிகள் நின்றபாடில்லை. சிவசங்கரி குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் அவள். முன்பு போலீசில் இருந்தவள். நடுவயதில் அந்த வேலையை உதறிவிட்டு வந்தாலும், எதிராளி பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்காத பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவளுக்குப் பின்னால் வாசற்படியில் நின்றவன் துலுக்காணம், அவளுடைய உதவியாளன். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆட்டோவை பைனான்ஸ்காரன் கொண்டுபோனான், வாயைக் கொண்டுபோக ஆளில்லை. அதுதான் இப்போது அவனுக்குச் சோறு போடுகிறது.

சுந்தரம்மாவின் ஒரே மகள் தேவசேனா. புருஷன் போன பிறகு தறி ஓட்டிப் படிக்க வைத்த பெண். திருப்பதியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பிரம்மோற்சவத்துக்கு முன்பு வீட்டுக்கு வந்து போனதோடு சரி, அதன் பிறகு ஆளும் வரவில்லை, குரலும் வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷனுக்குப் போனால், தினம் பச்சை வருகிறதல்லவா, பெண் எங்கேயோ உட்கார்ந்து வேலை செய்கிறாள், வயசுப் பெண், யாரோடாவது போயிருப்பாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பச்சை மட்டும்தான் வருமா?" என்றாள் சிவசங்கரி.

"எப்பனா ஒருவாட்டி சிவப்பு வரும்மா. விசேஷ நாளுக்கு அவங்க கம்பேட்டர்ல பேரை மாத்துவாங்களாம். அன்னிக்கு மொதல்ல சிவப்புதான் வரும். நான் பயந்துக்கக் கூடாதுன்னு ஒடனே போன் பண்ணுவா. யம்மா, அது வேலைம்மா, நீ துன்னியான்னு கேப்பா." சுந்தரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதனால எனக்கு சிவப்பு வந்தா சந்தோசம். அவ பேசுவா இல்ல. ஆடிக் கிருத்திகைக்கு வந்துச்சி. பிரம்மோற்சவத்துக்கும் வரும்னு போனை வெச்சிக்கினே ஒக்காந்திருந்தேன். வரலை. பச்சையே வந்துச்சி."

சிவசங்கரி நிமிர்ந்தாள். அந்த நிமிர்தல் துலுக்காணத்துக்குத் தெரியும். நாய் காதைத் தூக்குகிற மாதிரி. இதைச் சொன்னால் அடி விழும் என்பதால் அவன் சொல்லவில்லை.

"எம்பொண்ணை இட்டாந்துடுவியா நைனா?" என்று சுந்தரம்மா அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன், "பாக்கறோம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

புத்தூர் தாண்டும்போது சிவசங்கரி எஸ்.ஐ. தரணிக்குப் போன் போட்டாள். இருவரும் ஒரே பேட்ச். அவன் படிப்படியாக ஏறினான், இவள் இறங்கி வெளியே வந்துவிட்டாள்.

"சங்கரி, தெனமும் வேலை செய்யற பொண்ணை நான் காணோம்னு எப்படி எழுதறது?" என்றான் தரணி. "அந்தப் பச்சை அவ அனுப்பலைன்னு காட்டு. அந்த நிமிஷமே நான் வர்றேன்."

"காட்டறேன்," என்று வைத்துவிட்டாள்.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றான் துலுக்காணம். "என் மச்சான் செத்தப்போ அவன் போன்ல வெச்ச அலாரம் கருமாதி வரைக்கும் அடிச்சிக்கினே இருந்துச்சி. எவனுக்கும் நிறுத்தத் தெரியலை. அந்த மாதிரி இது..."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். ரோட்டைப் பாத்து ஓட்டு."

*

கம்பெனி அலிபிரி போகும் சாலையில், ஒரு நகைக்கடைக்கு மேல் நான்காவது மாடியில் இருந்தது. பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். முதலாளி திருவேங்கடத்துக்கு நெற்றியில் நாமம், கையில் செம்புக் காப்பு. வந்தவர்களை வாசல்வரை வந்து அழைத்துப்போனார். காபி வரவழைத்தார். சுந்தரம்மா எப்படி இருக்கிறார் என்று அவராகவே கேட்டார்.

"தேவசேனா மா இன்ட்டி பில்ல, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி மேடம். வீட்லருந்தே வேலை செய்யறேன் சார், எங்கே இருக்கேன்னு யாருக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டா. சரேன்னேன். லவ் மேட்டரா இருக்கும். நமக்கெதுக்கு?"

"அவ குரலைக் கேட்டீங்களா?"

"இல்ல. மெசேஜ்தான்." அவர் முன்னால் சாய்ந்தார். "சூடண்டி, பாருங்க மேடம், உங்க மனசுல இருக்கறது எனக்குப் புரியுது. மெஷின் தானா ஓடும், ஆள் இல்லைன்னாலும் பச்சை வரும்னு நெனைப்பீங்க. நிஜம்தான். ஆனா பிரம்மோற்சவத்துக்கு எங்க வெப்சைட்டோட தலைப்பை மாத்தினோம். சைட்டு சரியா ஓடுதான்னு பாக்க தேவசேனா எழுதின டெஸ்டுலயும் அந்தப் புதுத் தலைப்பு மாறியிருந்தது. அவ லாகின்லருந்து. ஆள் இல்லாம எப்படி மாறும்? உசுரோட இருக்கா, வேலை செய்யறா. அந்தே, அவ்ளோதான்."

மேசைக்குப் பின்னால் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. கரகம்பாடி ரோட்டில் அவர் சொந்தமாகக் கட்டிவரும் லாட்ஜ். தரையோடு தரையாக இரும்புக் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, மூலையில் ஒரு சம்ப், அதன்மேல் புது சிமெண்ட் மூடி. துலுக்காணம் அதையே பார்த்தான்.

"ரூமே எழும்பலை, அதுக்குள்ள தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டுட்டீங்களே சார். தண்ணி ஓடிடும்னு பயமா?"

திருவேங்கடம் சிரித்தார். "மழைக்காலம்ப்பா. பசங்க விழுந்துடுவாங்க. வேலையை நிறுத்தி வெச்சிருக்கேன்."

அடுத்ததாக அவர் இரண்டு பேரை அறிமுகம் செய்துவைத்தார். கோபிகிருஷ்ணன், வெப்சைட்டைக் கட்டி நடத்துகிறவன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். அக்ஷயா, தேவசேனாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள், டெஸ்ட் எழுதுவதிலும் அவளுக்குத் துணை. தேவசேனா என்ற பெயரைச் சொன்னதுமே அவளுக்குக் கண் கலங்கியது.

"எனக்கு சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லும்மா," என்றாள் சிவசங்கரி. "இந்தப் பச்சை எங்கேருந்து வருது?"

"நம்மது யாத்ரீகர்களுக்கு ரூம் புக் பண்ற சைட்டு மேடம். பேரு மலையடி ரூம்ஸ். தெனம் காத்தால ஒரு புரோகிராம் பிரௌசரைத் தானாத் தொறந்து அந்த சைட்டுக்குப் போகும், மனுஷங்க போற மாதிரியே. மேல டேப்ல பக்கத்தோட தலைப்பு தெரியும் இல்ல, அதைப் படிக்கும். தேவசேனா எழுதி வெச்சிருக்கற தலைப்போட ஒத்துப் பாக்கும். ஒத்துப்போச்சுன்னா பச்சை. இல்லைன்னா சிவப்பு. எதிர்பார்த்தது இது, கிடைச்சது இதுன்னு எல்லாருக்கும் மெயில் வந்துடும். அவங்கம்மாவுக்கு வெறும் வட்டம் மட்டும் போற மாதிரி இவளே செஞ்சி வெச்சா."

"அதாவது வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல பேர்ப்பலகையைப் படிக்கறது," என்றான் துலுக்காணம்.

"ஆமாண்ணா. பலகையே வேறயா இருந்தா அது வேற வீடு. உள்ளே போய் என்ன பாத்து என்ன?"

"தலைப்பு மாத்தற அன்னிக்கு?"

"அன்னிக்கு வேணும்னே சிவப்பு வர விடுவோம். அது தேவசேனா வெச்ச சட்டம். டெஸ்டுல இருக்கற பழைய தலைப்பைத் தொடாம விட்டு, சிவப்பைக் கண்ணால பாத்துட்டு, அப்புறம்தான் புதுசை எழுதணும். சிவப்பே வராத டெஸ்ட் தூங்கற வாட்ச்மேன்னு சொல்லுவா. முழிச்சிருக்கானான்னு தெரிய ஒருவாட்டி தட்டிப் பாக்கணுமாம்."

"அது எங்க எல்லாருக்கும் கைப்பழக்கம்," என்றான் கோபிகிருஷ்ணன், திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

"பிரம்மோற்சவத்துக்குப் புதுத் தலைப்பு இன்னான்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?"

"சார் முடிவு பண்ணாரு. நான் சைட்டுல போட்டேன். அக்ஷயா படம் வரைஞ்சா. அவ்ளோதான்."

"தேவசேனா லாகின் யாருக்குத் தெரியும்?"

கோபிகிருஷ்ணன் முதல்முறையாகச் சிரித்தான். கம்பெனியில் எல்லா பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும் என்றான்.

"வீடு பூரா ஒரே டூத்பிரஷ்," என்று துலுக்காணம் முணுமுணுத்தான்.

படியிறங்கும்போது அக்ஷயா பின்னாலேயே ஓடிவந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிறுத்தி, மேலே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"மேடம், ஆடிக் கிருத்திகைக்குத் தலைப்பு மாத்தினப்போ ஒண்ணு நடந்தது. நம்ம சைட்டுல இருக்கற எல்லா லிங்கையும் டெஸ்ட் ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்கும். தேவசேனா புதுத் தலைப்பை எழுதின அப்புறமும் ஒரே ஒரு லிங்க் மட்டும் சிவப்பாவே வந்தது. அங்கே போனா நம்ம பக்கம் மாதிரியே அச்சு அசலா ஒரு பக்கம். தலைப்பு மட்டும் பழசு. நம்ம வீடு மாதிரியே இன்னொரு வீடு கட்டி வெச்சிருக்காங்கடின்னா. அங்கே பணம் கட்டினவங்க மலைக்கு வந்து நின்னா ரூமே இருக்காது. கொழந்தை குட்டியோட பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடப்பாங்க. அவளால தாங்க முடியலை. ரொம்ப நாள் தோண்டிக்கினே இருந்தா. கடைசியா, நம்பிக்கையான ஆள்கிட்ட சொல்லிட்டேன், பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்கன்னா. மறுநாள் காத்தால வேலைக்குக் கெளம்பினவதான்."

"யாருன்னு சொல்லலையா?"

அக்ஷயா இல்லையென்று தலையாட்டினாள். "நான்தான் கேக்கலை மேடம்," என்று அழுதாள்.

*

கீழே தள்ளுவண்டியில் டீ வாங்கிக்கொண்டு இருவரும் ஓரமாக நின்றார்கள். மலை மேகத்துக்குள் போயிருந்தது.

"முதலாளி சொன்னதைக் கேட்டியா?" என்றாள் சிவசங்கரி. "தலைப்பு மாறிடுச்சு, அதனால பொண்ணு உசுரோட இருக்காங்கறாரு."

"சரிதானே அக்கா? மெஷினுக்குப் புரட்டாசி வந்தது எப்படித் தெரியும்?"

"மெஷினுக்குத் தெரியாது. யாரோ மாத்தியிருக்காங்க. ஆனா எப்ப மாத்தினாங்க? அன்னிக்குக் காலைல சுந்தரம்மாவுக்கு நேரா பச்சை வந்திருக்கு. அப்படின்னா சைட்டு மாறறதுக்கு முன்னாடியே டெஸ்டை மாத்தி வெச்சாச்சு. தேவசேனாவா இருந்தா முதல்ல சிவப்பு வர விட்டிருப்பா. அவளோட சட்டத்தை அவளே மீறுவாளா? அதுவும் சிவப்பு வந்தா அம்மாகிட்ட பேசலாம்னு இருக்கற பொண்ணு?"

துலுக்காணத்தின் கையிலிருந்த டீ ஆறிப்போனது. ஆடி அடங்கிய தண்ணீரில் அடி மண் தெரிகிற மாதிரி, இவ்வளவு நேரம் தெரியாதது இப்போது தெரிந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு..."

"இருந்தா இத்தனை நாள்ல ஒருவாட்டியாவது அம்மாவுக்குப் பேசியிருப்பா." சிவசங்கரி கிளாசை வைத்தாள். "பச்சை வந்துக்கினே இருக்கற வரைக்கும் போலீஸ் தேடாது. அதுக்காகத்தான் எவனோ அதை அணையாம பாத்துக்கறான்."

"கோபிகிருஷ்ணன்," என்றான் துலுக்காணம் பட்டென்று. "சைட்டு அவன் கையில. அதே மாதிரி இன்னொண்ணு கட்ட அவனாலதான் முடியும். மூஞ்சியைப் பாத்தீங்களா? பழைய சோத்துல ஈ விழுந்த மாதிரி. ஒரு பிளேட் பெசரட்டு பந்தயம்."

"பந்தயம் வேணாம். இதுல ஜெயிச்சவனுக்கும் துன்ன மனசு வராது. வா, மேலே போவோம்."

திருவேங்கடத்தின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, சிவசங்கரி தன் திட்டத்தைச் சொன்னாள். துலுக்காணமும் அங்கேயே இருந்து கேட்டான்.

"உங்க ஆபீஸ்ல ஒரு ஆளு தேவசேனா பேர்ல டெஸ்டை மாத்திக்கினு கீறாங்க சார். அதைப் புடிக்கணும். நாளைக்குக் காலைல தலைப்பு மாறப்போகுதுன்னு ரெண்டு பேருக்கும் தனித்தனியா சொல்லப்போறேன். கோபிகிருஷ்ணன்கிட்ட புதுத் தலைப்பு 'கார்த்திகை புக்கிங்'னு சொல்லுவேன். அக்ஷயாகிட்ட 'ஏகாதசி புக்கிங்'னு சொல்லுவேன். நெசத்துல சைட்டுல எதுவும் மாறக் கூடாது. சிவப்புக்குப் பயப்படற ஆளு போன தடவை மாதிரியே முன்கூட்டியே டெஸ்டுல எழுதி வெப்பாரு. காலைல அது ஒத்துப்போகாது. எதிர்பார்த்தது இன்னான்னு மெயில்லயே வரும். எந்தத் தலைப்பு வருதோ அதுதான் ஆளோட பேரு."

திருவேங்கடம் கையைக் கூப்பினார். "பலே மேடம். எனக்கும் கோபி மேல கொஞ்ச நாளா டவுட்டுதான். சொல்ல மனசு வரலை." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டுமே வரலைன்னா?"

"அப்ப ரெண்டு பேரும் இல்லைன்னு ஆயிடும். நான் மூணாவதா ஒரு ஆளைத் தேடணும்."

"நியாயம்தான்," என்றார் அவர்.

அறையைவிட்டு வந்ததும் சிவசங்கரி நேராகக் கோபிகிருஷ்ணன் இடத்துக்குப் போய்க் குனிந்து ஏதோ பேசினாள். அவன் தலையாட்டினான். அடுத்து தண்ணீர் கேன் பக்கம் நின்ற அக்ஷயாவிடம் போனாள். துலுக்காணம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் நின்று பார்த்தான். அவன் மட்டுமல்ல, அறைக்குள்ளிருந்து திருவேங்கடமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலையில் தூறல். எஸ்.ஐ. தரணி சாதாரணச் சட்டையில் வந்து, ரூம் புக் பண்ண வந்தவன்போல மூலையில் உட்கார்ந்திருந்தான். அக்ஷயா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். திருவேங்கடம் மலர்ந்த முகத்தோடு சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்.

மெயில் வந்தது. கோபிகிருஷ்ணன் திரையிலேயே எல்லாரும் பார்த்தார்கள். மேலே சிவப்புப் பட்டை. அதன் கீழே இரண்டே வரி.

எதிர்பார்த்த தலைப்பு: மலையடி ரூம்ஸ் – கார்த்திகை புக்கிங்.

கிடைத்த தலைப்பு: மலையடி ரூம்ஸ்.

துலுக்காணம் வாய்க்குள்ளேயே, "பெசரட்டு," என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் திருவேங்கடம் பாய்ந்து கோபிகிருஷ்ணன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நுவ்வாரா? நீயாடா? அந்தப் பொண்ணு உன்னை அண்ணா அண்ணான்னு கூப்பிட்டாளேடா. எங்கேடா அவ? மேடம், போலீஸ்ல புடிச்சுக் குடுங்க இவனை. கார்த்திகைங்கறது இவன் ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரியும்."

கோபிகிருஷ்ணன் மிரண்டுபோனான். "என்ன கார்த்திகை? சார், எனக்கு ஒண்ணும் புரியலை. இதை நான் இப்பதான் பாக்கறேன்."

"நடிக்காதடா. நேத்து மேடம் உன்கிட்ட சொன்னாங்க இல்ல?"

"சட்டையை விடுங்க சார்," என்றாள் சிவசங்கரி. குரல் உயரவே இல்லை. "தம்பி, நேத்து உன்கிட்ட நான் இன்னா பேசினேன், சொல்லு."

"எந்த ஊருன்னு கேட்டீங்க. நாயுடுபேட்டைன்னேன். தெனம் போய்வர கஷ்டமா இல்லையான்னு கேட்டீங்க."

"அக்ஷயா?"

"தண்ணி கேட்டீங்க மேடம். குடுத்தேன்."

துலுக்காணத்துக்கே உறைக்க ஒரு நொடி பிடித்தது. அக்கா தன்னிடமும் சொல்லவில்லை.

"தலைப்பு மாறப்போகுதுன்னு நான் அந்த ரெண்டு பேருக்கும் சொல்லவே இல்ல," என்றாள் சிவசங்கரி. "கார்த்திகைங்கற பேரை இந்த ஆபீஸ்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன். உங்களுக்கு."

"உங்க ஆளும் கூட நின்னு கேட்டானே," என்றார் திருவேங்கடம். கை மெல்லச் சட்டையை விட்டது.

"அவனுக்கு மௌஸைப் புடிக்கவே தெரியாது. மூணாவது ஆளைத் தேடுவேன்னு சொன்னதும் உங்களுக்கு உள்ளே உதறல் எடுத்துடுச்சு. அதுக்குள்ள கோபி தலையில கட்டிடலாம்னு நீங்களே தேவசேனா லாகின்ல போய் கார்த்திகைன்னு எழுதிட்டீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் விரலால் கெட்டது.

"பிரம்மோற்சவத்தன்னிக்குப் பச்சை வந்ததை வெச்சே எனக்கு சந்தேகம் உங்க மேலதான் சார் விழுந்தது," என்று அவள் தொடர்ந்தாள். "இந்தப் பசங்க ரெண்டு பேரும் சிவப்புக்குப் பயப்படறவங்க இல்ல. சிவப்பைப் பாத்துட்டுத்தான் பச்சைக்கே போவாங்க, அது அவங்க கைப்பழக்கம். இவங்கள்ல ஒருத்தர் தேவசேனா மாதிரி நடிச்சிருந்தா, அவ செய்யற மாதிரியே முதல்ல சிவப்பு வர விட்டிருப்பாங்க. சிவப்புன்னாலே தப்பு, வம்பு, போலீஸ்னு நெனைக்கறவரு இங்கே ஒருத்தருதான். வாழ்க்கையில ஒரு டெஸ்டு எழுதாதவரு. அதனாலதான் அவசரப்பட்டு முன்னாடியே மாத்தினீங்க. நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே அதைச் சாட்சியாவும் காட்டினீங்க."

"எதுக்கு சார்?" என்றாள் அக்ஷயா. அழுகை நின்றுவிட்டிருந்தது. "உங்க சொந்த சைட்டு சார் அது."

"நெஜ சைட்டு, பொய் சைட்டு, ரெண்டு வீடும் அவரோடதுதாம்மா," என்றாள் சிவசங்கரி. "ஒண்ணுல ரூம் குடுத்தாரு, இன்னொண்ணுல நாமம் போட்டாரு. உன் ஃபிரெண்டு அது எவனோ வெளியாள் வேலைன்னு நெனைச்சா. நம்ம முதலாளிக்குக் கெட்ட பேரு வரக்கூடாதேன்னு இவர்கிட்டயே வந்து சொல்லியிருக்கா."

வேலியே பயிரை மேய்ந்த கதை ஊரில் ஆயிரம் உண்டு. ஆனால் பயிரே வந்து, வேலி ஐயா, யாரோ என்னை மேய்கிறார்கள் என்று சொன்ன கதையைத் துலுக்காணம் இப்போதுதான் கேட்கிறான்.

திருவேங்கடம் நாற்காலியில் உட்கார்ந்தார். நாமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. மறுத்துப் பேசுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரணி எழுந்து அருகில் வந்தான். "பொண்ணு எங்கே?"

திருவேங்கடம் கையிலிருந்த காப்பைத் திருகினார்.

"எங்கேன்னு கேட்டேன்."

திருவேங்கடத்தின் கண்கள் தரையிலிருந்து எழுந்து, திறந்திருந்த அறைக் கதவு வழியாக உள்ளே சுவருக்குப் போய், உடனே திரும்பிவிட்டன. ஒரு கணம்தான். துலுக்காணம் அதைப் பார்த்துவிட்டான். அந்தச் சுவரில் இருந்தது லாட்ஜின் படம். கம்பிகள் மட்டும் முளைத்த மனை. மூலையில் சம்ப். அதன்மேல் புது சிமெண்ட் மூடி.

தண்ணி ஓடிடும்னு பயமா என்று கேட்டது அவன்தான். அந்த ஆள் சிரித்தான். இவனும் சேர்ந்து சிரித்தான்.

"அக்கா," என்றான். படத்தைக் கைகாட்டினான்.

சிவசங்கரி பார்த்தாள். தரணி பார்த்தான். தரணி தன் போனை எடுத்து, கரகம்பாடி ரோட்டுக்கு ஆள் அனுப்பும்படியும், கடப்பாரையோடு போகும்படியும் சொன்னான். திருவேங்கடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்ஷயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபிகிருஷ்ணன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பழைய சோறு என்று சொன்னதற்காகத் துலுக்காணம் வெட்கப்பட்டான்.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான். பின்னால் தறிச் சத்தம் இல்லை. யாரோ பக்கத்து வீடுகளில்கூடக் கேட்டுக்கொண்டு நிறுத்தச் சொன்ன மாதிரி அவ்வளவு அமைதி.

"நைனா, நான் சுந்தரம்மா பேசறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சிவப்பு வந்துக்குதுப்பா. இப்பதான் வந்துச்சி. நீங்கதானே போய்ப் பேசினீங்க, எனக்குத் தெரியும். நீ நல்லா இருக்கணும்."

சிவப்பு போய்ச்சேரும் இடங்களில் நகரியும் ஒன்று என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். துலுக்காணம் சிவசங்கரியைப் பார்த்தான். அவளுக்கும் புரிந்துவிட்டது. முதல்முறையாக அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"யம்மா," என்றான் அவன். "நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அப்பறம் பேசிக்கலாம் நைனா, நீ போனை வெச்சிடு. எல்லார் தறியையும் நிறுத்தச் சொல்லிட்டேன், மணி கேக்கணும் இல்ல. இப்ப எம்பொண்ணு கூப்புடுவா. லைன் கெடைக்கலைன்னா கோச்சிக்குவா."

வைத்துவிட்டாள்.

துலுக்காணம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான்.

சிவசங்கரி அவன் தோளில் கை வைத்தாள்.

"தொட்டியைத் தரணி பாத்துக்குவான்," என்றாள். "நீ வண்டியை எடு. அந்தம்மா போனைப் பாத்துக்கினே ஒக்காந்திருக்கும்."